முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள்

கேள்வி:

அன்புள்ள தங்கைக்கு,

எனக்கு 64 வயது. கோண்டாவிலில் இருக்கிறேன். 1979 இல் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரொக் குழு தொடங்கினோம். கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசிப்போம், காசுக்காக. கார்னிவல்களிலும் கலியாண வீடுகளிலும் எங்கள் சொந்தத் தமிழ்ப் பாட்டுகளை வாசிப்போம், எங்களுக்காக. பெயர் எடுத்துத் தந்தவை அந்தப் பாட்டுகள்தான். வரிகள் எங்கள் பாடகர் எழுதியவை, மெட்டு என்னுடையது. 83 க்குப் பிறகு என்னைத் தவிர மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், 2003 இல், எல்லோரும் வந்து ஒருநாள் இங்கே வாசித்தோம். அதுதான் கடைசி.

பாடகர் ரொறன்ரோவில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் அவருக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. கரகரத்த குரலில் கதைக்கிறார், பாட ஏலாது. மற்ற நாங்கள் நாலு பேரும் இப்போது வேலையிலிருந்து ஓய்வு. யாழ்ப்பாணம், லண்டன், ரொறன்ரோ மூன்றிலும் ஒருமுறை வாசித்துவிடுவோம் என்று ட்ரம்ஸ்காரர் ஒழுங்கு செய்கிறார். அவரும் ரொறன்ரோதான். பழைய ஆளைப் போலவே அச்சொட்டாகப் பாடும் ஒரு தம்பியை அவர் பிடித்து வைத்திருக்கிறார். என் மனதில் இருப்பது குருநகர்ப் பிள்ளை ஒருத்தி. 26 வயது, தேவாலயத்தில் பாடுகிறவள். நல்ல அடித்தொண்டைக் குரல். பாடகருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மனம் உடைந்துவிடுவாரோ என்று பயம்.

நாங்கள் செய்வது துரோகமா? யாரை எடுப்பது? பழைய பெயரையே போடலாமா?

லீட் கிற்றார், கோண்டாவில்

(பெயரையும் குழுவின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அண்ணை, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய நாலாவது ஒன்றைக் கேட்கவில்லை. அது கடைசியில்.

வேறொருவரைப் பாடவைப்பது துரோகம் இல்லை. ஆளையும் பார்த்து, ஊர்களையும் முடிவு செய்து, ஒரே ஊரில் இருக்கிற ட்ரம்ஸ்காரர் ஒழுங்குகளையும் தொடங்கிவிட்டு, அந்த ஒரு மனுசனுக்கு மட்டும் சொல்லாமல் இருக்கிறீர்களே, அதற்கு வேறு பெயர் இல்லை. மனம் உடைந்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அவருடைய முகத்தைப் பார்க்க உங்களுக்குத்தான் பயம் என்று படுகிறது. ரொறன்ரோவில் எங்கள் சனத்துக்குள் ஒரு கதை எவ்வளவு கெதியாக ஓடும் என்பது தெரியாதவரா நீங்கள்? ஸ்காபரோவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது யாராவது வந்து, "என்னண்ணை, உங்கட ஆக்கள் திரும்பவும் தொடங்கினமாம், நீங்கள் பாடேல்லையோ?" என்று கேட்பார்கள். தொண்டை வெட்டிய மனுசன் அந்தக் கேள்விக்குக் கடையில் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னம் நீங்கள் போய்விட வேண்டும்.

உலகத்துப் பெரிய குழுக்களும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன, அல்லது தப்பியிருக்கின்றன. ஏசி/டிசி குழுவின் பாடகர் பொன் ஸ்கொட் 1980 பெப்ரவரியில் இறந்தார். கலைத்துவிடுவோம் என்று நினைத்தவர்களிடம், நிற்பாட்டாதீர்கள், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னது ஸ்கொட்டின் பெற்றோர்தான் என்று அந்தக் குழுவினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பிரயன் ஜோன்சன் வந்தார். அதே ஆண்டு ஜூலையில், செத்தவருக்குத் துக்கமாகக் கறுப்பு அட்டை போட்ட இசைத்தட்டு வெளிவந்தது. உலகத்தில் ஆகக் கூடுதலாக விற்ற இசைத்தட்டுகளில் அதுவும் ஒன்று. மற்றப் பக்கம் லிங்கின் பார்க்கைப் பாருங்கள். அவர்களுடைய பாடகர் செஸ்டர் பெனிங்டன் 2017 இல் உயிரை விட்டார். அவருக்கு ஒரு நினைவுக் கச்சேரி வைத்ததைத் தவிர, ஏழு வருடம் மேடைப்பக்கம் வராமல் இருந்தார்கள், அது மரியாதையான இடைவெளிதான். 2024 செப்டெம்பரில் புதுப் பாடகியாக எமிலி ஆம்ஸ்ட்ரோங்கைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, செஸ்டரின் குடும்பத்திலிருந்தே வெளிப்படையாகக் கசப்பு வந்தது. அரங்குகள் நிரம்பின, புது இசைத்தட்டும் ஓடியது. என்றாலும் அந்தக் கசப்பு செய்தியாகி நின்றது நின்றதுதான். ஏழு வருடம் காத்திருந்தும் அது தவறவில்லை. காத்திருப்பது வேறு, வீட்டுப்படி ஏறிப் போய்க் கதைப்பது வேறு.

உங்கள் ஆள் உயிரோடு இருக்கிறார். நீங்கள் கேட்க வேண்டியது தாய் தகப்பனிடம் அல்ல, அவரிடமே. கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்.

எப்படிக் கேட்பது? வட்ஸ்அப் குழுவில் வேண்டாம். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருத்தர் "ஓம்" என்று பெருவிரலைப் போட்டால் அது சம்மதம் ஆகாது. தொலைபேசியும் சரிவராது, அவருக்குக் கதைப்பதே கஷ்டம் என்கிறீர்கள். ட்ரம்ஸ்காரர் நேரே வீட்டுக்குப் போகட்டும். ஒழுங்குகள் எல்லாம் முடிந்த பிறகு பத்திரிகை வைக்கப் போகிற மாதிரிப் போகாமல், வெறுங்கையோடு போகட்டும். நீங்கள் மறுபக்கத்தில் வீடியோவில் இருங்கள், மெட்டுப் போட்டவர் நீங்கள்தானே. கேட்க வேண்டியது இதுதான்: "எங்களுக்கு இன்னொருக்கா வாசிக்க ஆசையாக இருக்கு, நீ என்ன சொல்கிறாய்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவர் மறுமொழி சொல்ல ஒரு கிழமை எடுத்தாலும் விடுங்கள்.

அவர் வேண்டாம் என்றால்? அந்தப் பாட்டுகள் இல்லை, அவ்வளவுதான். இதில் சட்டமும் இருக்கிறது. வரிகள் அவர் எழுதியவை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவருடைய உரிமை அவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் நிற்கும். மெட்டு உங்களுடையது, அதைக் கிற்றாரில் மட்டும் வாசித்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். சட்டத்தைக் காட்டி அவரைப் பயப்படுத்தவோ, நீங்கள் பயப்படவோ நான் இதை எழுதவில்லை. "அவர் பாட ஏலாது, ஆகவே அவருக்கு இதில் ஒன்றும் இல்லை" என்று உங்களில் யாராவது கதைத்தால் சொல்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓம் என்று சொன்னால், அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது என்பதிலும் கொஞ்சம் கவனம். அவர் வரிகளை எங்கே முறித்தார், எங்கே மூச்செடுத்தார், எந்தச் சொல்லை வேண்டுமென்றே விழுங்கினார் என்பதெல்லாம் அவருக்கு மட்டும் தெரிந்தவை. புதிதாகப் பாட வருகிறவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லலாம், விருப்பமென்றால். ஆனால் மேடையில் ஒரு கதிரையைப் போட்டு, பொன்னாடை போர்த்தி இருத்திவிடாதீர்கள். எங்கள் ஊரில் அந்த வியாதி கூட. அவர் வந்தால் சனத்தோடு சனமாக இருந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.

அந்தப் பழைய 2003 வீடியோவையும் திரையில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். குயின் குழு அப்படிச் செய்கிறது: பிரயன் மே தனியே கிற்றாரோடு இருந்து ஒரு பாட்டு வாசிக்க, பழைய பாடகர் பிரெடி மேர்க்குரி திரையில் தோன்றிக் கூடப் பாடுவார். அரங்கமே கண் துடைக்கும். ஆனால் பிரெடி 1991 இல் காலமானவர். உங்கள் சிநேகிதர் முன்வரிசையில் இருந்து, தன்னிடம் இல்லாமல் போன குரலை இருபது அடித் திரையில் பார்க்க வேண்டிவரும். அவரே கேட்டாலொழிய அதைச் செய்யாதீர்கள்.

பெயர் விசயத்தில் குயின்காரரிடம் கற்றுக்கொள்ளலாம். பிரெடிக்குப் பதிலாக இவர் என்று அவர்கள் ஒருநாளும் போடவில்லை. 2005 இல் பாடகர் போல் ரொட்ஜர்ஸோடு சுற்றுப்பயணம் போனபோது "குயின்", அதற்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, பிறகு அவருடைய பெயர். 2012 இலிருந்து அடம் லம்பேர்ட்டோடு போகும்போதும் அப்படியே. லம்பேர்ட் 2009 இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் இரண்டாவதாக வந்த பெடியன். மேடையில் பிரெடியைப் பற்றிக் கதைப்பார், அவருடைய இடத்தைத் தான் பிடித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அந்தக் கூட்டல் குறி மூன்று பேரையும் காப்பாற்றுகிறது: போனவரை, வந்தவரை, ரிக்கற் வாங்குகிறவரை. நோட்டீஸில் குழுவின் பெயரைப் போடுங்கள், கூட்டல் குறி போடுங்கள், பாடுகிறவரின் பெயரை அதே அளவு எழுத்தில் போடுங்கள். "வரிகள்" என்று கீழே உங்கள் சிநேகிதருடைய பெயரும் வர வேண்டும். பழைய ஆள்தான் பாடுகிறார் என்று நினைத்து ஒருத்தரும் காசு கொடுக்கக் கூடாது.

இனி, தம்பியா குருநகர்ப் பிள்ளையா? நான் உங்கள் பக்கம். அச்சொட்டாகப் பாடுகிற ஆளை எடுத்தால் ஓடாது என்று சொல்ல மாட்டேன், ஓடியிருக்கிறது. ஜேர்னி குழுவின் கிற்றார்காரர் 2007 இல் யூரியூப்பில் பார்த்துப் பிடித்த பிலிப்பைன்ஸ்காரர் ஆர்னெல் பினெடா, பழைய பாடகர் ஸ்டீவ் பெரியைப் போலவே பாடி அந்தக் குழுவைத் தூக்கி நிறுத்தினார். ஆனால் ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1996 இல் தங்கள் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த ஒரு நகல் குழுவின் பாடகரை எடுத்தது. அந்த ரிம் ஓவன்ஸ் நல்ல பாடகர், ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு இசைத்தட்டு. 2003 இல் பழைய ஆள் ரொப் ஹல்ஃபோர்ட் திரும்பி வந்தார், ஓவன்ஸ் போக வேண்டியதாயிற்று. அச்சொட்டாகப் பாடும் ஆளைச் சனம் வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதிலும் உங்கள் விசயத்தில், உயிரோடு இருக்கிறவரின் குரலை இன்னொரு வாயிலிருந்து அவர் காதுபடக் கேட்க வைப்பது கொடுமை.

பெண்பிள்ளை பாடினால் அந்த ஒப்பீடு முதல் வரியிலேயே முடிந்துவிடும். ஆனால் வேலை உங்களுக்குத்தான் கூடும், அண்ணை. உங்கள் ஆள் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடினார் என்று எழுதவில்லை. ஒன்று, இரண்டு கட்டையில் பாடியவருடைய பாட்டைப் பெண்குரலுக்கு மாற்றினால் ஐந்து, ஐந்தரைக்குப் போகும். "அடித்தொண்டைக் குரல்" என்கிறீர்கள், அப்படியென்றாலும் அவளைப் பழைய சுருதியிலேயே பாடச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். கீழே முனகுவாள், சரணத்தில் கத்துவாள். கிற்றார்காரர்கள் சுருதியை மாற்ற ஏன் அழுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று கட்டையில், ஈ கோட்டில், திறந்த தந்தியை அதிரவிட்டுப் போட்ட அடியை ஆறு கட்டைக்குக் கொண்டுபோனால் அந்த அதிர்வு செத்துவிடும். கிற்றார்க் கழுத்தில் ஐந்தாவது பிரெட்டில் கப்போவை, அந்தத் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை, போட்டால் அதே விரல்பிடியில் ஏ, அதாவது அந்த ஆறு கட்டை, வந்துவிடும். சத்தம் கொஞ்சம் மெல்லிதாகும், அதை பேஸ்காரர் கீழே நின்று நிரப்பட்டும். எல்லாப் பாட்டுக்கும் அது சரிவராது. ஒன்றிரண்டைப் புதிதாகவே அடுக்கத்தான் வேண்டும், மெட்டுப் போட்ட உங்களுக்கு அது பெரிய காரியமா? சரிவராத பாட்டை விட்டுவிடுங்கள். 64 வயதில் மூன்று மணித்தியாலம் வாசிக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

தூரத்துக் கதைகளே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1971 இல் மொறட்டுவையில் தொடங்கிய ஜிப்சீஸ் குழுவுக்கு முகமே சுனில் பெரேராதான். 2021 செப்டெம்பரில் கொரோனாவோடு அவர் போனார். அதோடு அந்தக் குழு முடிந்துவிடவில்லை.

இடம், நேரம். நல்லூரில் கொடி ஏறி நிற்கும் நாட்களில் வைக்காதீர்கள், சனமும் வராது, ஏச்சும் வரும். தீர்த்தம் முடிந்த கிழமை நல்லது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போக முன்னம் பிடித்துவிடலாம். முற்றவெளி மைதானம் உங்களுக்கு வேண்டாம். 2024 பெப்ரவரியில் பாடகர் ஹரிஹரன் அங்கே வந்தபோது தடுப்புகளை உடைத்துக்கொண்டு சனம் உள்ளே வந்ததை எல்லோரும் பார்த்தோம். வீரசிங்கம் மண்டபம் போதும், அல்லது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டிய மண்டபம். யாழ்ப்பாணத்தை முதலில் வையுங்கள். உங்கள் ஆக்கள் வெளிநாட்டுப் பாஸ்போட்டோடு வந்து போவார்கள். இலங்கைப் பாஸ்போட் வைத்திருக்கிற 26 வயதுப் பிள்ளைக்கு கனடா விசாவும் லண்டன் விசாவும் கிடைக்குமென்று நம்பி முன்கூட்டியே ரிக்கற் விற்றீர்களோ, கெட்டீர்கள். அவளுக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் உள்ள அதே பங்கு, எழுத்தில். "வாய்ப்புக் கொடுத்தோம்" என்ற கதை வேண்டாம்.

இப்போது அந்த நாலாவது கேள்வி. குருநகர்ப் பிள்ளையைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். வயது, குரல், தேவாலயம் எல்லாம் இருக்கிறது. அவள் ஓம் என்று சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை. அவளிடம் கேட்டீர்களா? அவளுக்கு ரொக் பிடிக்குமா? வேலை இருக்கிறதா, லீவு எடுக்க ஏலுமா? அவள் பிறக்க முன்னமே நீங்கள் போட்ட பாட்டுகளை, அறுபது கடந்த நாலு ஆம்பிளைகளோடு ஊர் ஊராகப் போய்ப் பாட அவளுக்கும் வீட்டாருக்கும் சம்மதமா? ரொறன்ரோ வீட்டில் முடிவு தெரிந்த கையோடு குருநகருக்கும் போங்கள், அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.