தூர் கட்டுமா?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் தாராபுரம் பக்கம். பழைய கட்டுரை ஒன்றில் போகிற போக்கில், கோபிசெட்டிபாளையத்தில் வீடியோ கேம் ஆடி வளர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்றை வாங்கினேன். நண்பர்கள் சொன்னதெல்லாம் அதே நான்கைந்து ஆட்டங்கள்: கால்பந்து, கார், துப்பாக்கி. ஒரு மாதத்தில் சலித்துவிட்டது. அதிகம் பேர் அறியாத நல்ல ஆட்டங்கள் உண்டா? சண்டை, திகில், இசை, சாகசம் என்று வகைக்கு ஒன்று சொன்னால் போதும். இன்னொன்று, எனக்கு வயது 39. 'இந்த வயதில் பொத்தானைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே' என்கிறார் என் மனைவி. நீங்களும் ஆடுகிறீர்கள் என்று காட்டினால் வீட்டில் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

சி.,
திருப்பூர்

*

அன்புள்ள சி.,

உங்கள் வீட்டு வழக்கில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். என் வீட்டில் நானே கூண்டில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். இந்தப் பதிலைக் காட்டினால் உங்கள் மரியாதை இன்னும் ஒரு படி இறங்கலாம்.

வகைக்கு ஒன்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் பிரித்துப் பழக்கமில்லை. சண்டை, பந்தயம், புதிர் என்பதெல்லாம் கடைக்காரர் அலமாரிக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். கை என்ன செய்கிறது என்பதைத்தான் அவை சொல்லும். கண் எதைப் பார்க்கிறது என்பது அவற்றில் இருக்காது. எனக்குப் பிடித்த ஆட்டங்கள் எல்லாம், யாரோ ஒருவர் ஒரே ஒரு காரியத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் செய்தவை. நீங்கள் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பார்க்கிறவர். உங்களுக்கு இது புரியும்.

1990களின் நடுவில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஃபேமிகாமின் நகல். ஜப்பானில் 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட பெட்டி, பத்தாண்டு கழித்து வேறு பெயரில், வேறு உடம்பில் கோபிக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு மஞ்சள் கேசட். அதன் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தார்கள். நானும் சித்தப்பா மகனும் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எண்ணினோம். ஏழு. மீதியெல்லாம் அதே ஏழுதான், வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்.

அந்த ஏழில் ஒன்று நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி'. எங்கள் தெருவில் அதற்கு 'டாங்கி' என்று பெயர். அதில் நாமே களம் அமைத்துக்கொள்ளலாம். செங்கல்லையும் தண்ணீரையும் கட்டம் கட்டமாக வைத்து எங்கள் வாய்க்காலையும் களத்துமேட்டையும் அப்படியே வரைந்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவோம். மின்சாரம் போனால் வாய்க்கால், களம் எல்லாம் அழிந்துவிடும். ஐந்தாறு டாங்கிகள் ஒரே வரிசையில் வந்தால் அவை மின்னி மின்னி மறையும். மூன்று பேஸ் மின்சாரம் வந்ததும் அப்பா கிணற்று மோட்டாரைப் போடுவார், டிவித் திரை ஓரங்களில் சுருங்கும். ஆகவே டாங்கி மின்னுவதும் அவர் மோட்டாரால்தான் என்று எத்தனையோ நாள் அவரைத் திட்டியிருக்கிறேன். அந்தப் பெட்டியால் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுப் படங்களுக்கு மேல் காட்ட முடியாது, ஒரு டாங்கிக்கே அகலவாக்கில் இரண்டு துண்டு வேண்டும் என்று தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அப்பாவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனால் அதே அப்பாவை வைத்துத்தான் உங்களுக்கான முதல் பரிந்துரையைச் சொல்ல வேண்டும்.

'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின்' என்று ஓர் ஆட்டம். 2020இல் வந்தது, உங்கள் பிளேஸ்டேஷன் 4இல் ஓடும். எடெல்வைஸ் என்ற மிகச் சிறிய ஜப்பானியக் குழு செய்தது. அதன் மையத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். உலக அளவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. ஆனால் ஈரோட்டிலும் கோவையிலும் இதன் பெயரைக் கேள்விப்பட்ட ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. சகுனா என்றதும் சகுனியின் தங்கையா என்றுதான் கேட்கிறார்கள். அவள் அறுவடைத் தெய்வத்தின் மகள், சோம்பேறி, வாய்த்துடுக்கு அதிகம். அரக்கர்கள் வாழும் தீவுக்குத் துரத்திவிடுகிறார்கள். பாதி நேரம் அரக்கர்களோடு சண்டை. மீதி நேரம் நெல் விவசாயம். நெல் எவ்வளவு நன்றாக விளைகிறதோ அவ்வளவு பலம் அவளுக்குக் கூடும். சண்டை பரவாயில்லை ரகம், அதற்காக யாரும் இதை வாங்க வேண்டாம். வயலுக்காக வாங்கலாம்.

ஒரு மாலை நான் ஆடிக்கொண்டிருந்தபோது அப்பா தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் ஐம்பது ஆண்டு நெல் போட்டவர். கொடிவேரி அணையில் தண்ணீர் எப்போது திறக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு செய்தி எதையும் அவர் பொருட்படுத்தியதில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"யார் வயல் கண்ணு அது?"

ஜப்பான்காரர்களுடையது என்றேன். சகுனா குனிந்து நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள்.

"பின்னால் போய்த்தான் நடுகிறாள், சரி. ஆனால் இவ்வளவு நெருக்கி நட்டால் தூர் கட்டுமா?"

ஒரு நாற்று பக்கவாட்டில் கிளைத்துப் பெருகுவதைத்தான் தூர் கட்டுவது என்பார்கள். நான் அவசரத்தில் பொத்தானைப் படபடவென்று தட்டியதன் விளைவு அந்த நெருக்கம். இதில் நடவின் இடைவெளிக்கும் கணக்கு இருக்கிறது. விதையை நீரில் போட்டு மிதப்பதைக் கழித்துவிட்டு எடுக்க வேண்டும். மனிதக் கழிவில் எரு தயாரித்து இட வேண்டும். மடையைத் திறந்து மூடி, பயிரின் பருவத்துக்கு ஏற்றபடி தண்ணீரின் ஆழத்தை மாற்ற வேண்டும். களை பிடுங்க வேண்டும். அறுத்து, தொங்கவிட்டுக் காயவைத்து, கதிரடித்து, உரலில் குத்தி, தவிட்டோடு வைத்துக்கொள்வதா வெள்ளையாகத் தீட்டுவதா என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டும். ஜப்பானில் ஆட்டக்காரர்கள் தங்கள் வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தைப் பார்த்துப் பார்த்து இதை ஆடினார்கள் என்பது அப்போது செய்தியாகவே வந்தது. எனக்கு அமைச்சகம் தேவைப்படவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன. 'தண்ணீரை நிறுத்து, காயட்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால்தான் வேர் இறங்கும்.' நிறுத்தினேன். அந்த ஆண்டு, அதாவது ஆட்டத்தின் ஆண்டு, பருவத்துக்கு மூன்று நாள் என்று மொத்தம் பன்னிரண்டே நாள், விளைச்சல் அதற்கு முந்தையதைவிட நன்றாக வந்தது. அப்பா பெருமைப்படவெல்லாம் இல்லை. "மூன்று நாளில் சம்பா விளைகிற ஊரா, நடக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

விவசாய ஆட்டங்கள் ஏராளமாக வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் பசு என்பது பொத்தானை அழுத்தினால் பால் தரும் குழாய். 2003இல் கேம்கியூப் பெட்டிக்கு வந்த 'ஹார்வெஸ்ட் மூன்: எ வொண்டர்ஃபுல் லைஃப்' ஒரு விதிவிலக்கு. அதில் மாடு கன்று ஈன்றால்தான் பால் கறக்கும். சில வாரங்களில் பால் வற்றிவிடும். மறுபடி சினைப்படுத்த வேண்டும். கட்டுத்தறி பார்த்து வளர்ந்தவர்கள் இதைப் படிக்கும்போதே சிரிப்பார்கள். ஆனால் எத்தனை ஆட்டங்கள் இதை மறந்துவிடுகின்றன என்று பாருங்கள்.

அடுத்தது கோடை விடுமுறை. 2000ஆம் ஆண்டு முதல் பிளேஸ்டேஷனுக்கு 'போகு நோ நட்சுயாசுமி' என்று ஓர் ஆட்டம் வந்தது. 'என் கோடை விடுமுறை' என்று பொருள். ஆக்கியவர் காஸ் அயாபே. 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒன்பது வயதுப் பையன், கிராமத்தில் உறவினர் வீடு, முப்பத்தொரு நாள். அவ்வளவுதான் கதை. பூச்சி பிடிக்கலாம், மீன் பிடிக்கலாம், பட்டம் விடலாம், வண்டுகளை மோதவிடலாம். இரவானால் நாட்குறிப்பு எழுதிவிட்டுத் தூங்க வேண்டும். வெல்வதற்கு எதுவும் இல்லை. அப்புச்சி ஊரில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டை வைத்து, வேலந்தழை போட்டு, முட்டையிட்டிருக்கிறதா என்று மணிக்கு ஒருதரம் திறந்து பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பானிய மொழியை விட்டு அது அதிகாரபூர்வமாக வெளியே வரவே இல்லை. வருத்தப்படாதீர்கள். அதே அயாபே, குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் ஷின்சானை வைத்து ஒரு கோடை ஆட்டம் செய்திருக்கிறார். 2022இல் ஆங்கிலத்தில் வந்தது, உங்கள் பெட்டியில் ஓடும். பேராசிரியர், டைனோசர் என்று கொஞ்சம் கலகலப்பு சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சேர்க்கை தேவைப்படவில்லை, உங்கள் பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.

இசை என்று கேட்டீர்கள். 'விப்-ரிப்பன்', 1999, முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது, ஆக்கியவர் மசயா மட்சுரா. கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு, கோட்டின் மேல் நடக்கும் கோட்டுச் சித்திர முயல். மொத்தப் படமும் இவ்வளவுதான். ஆட்டம் முழுவதும் பெட்டியின் நினைவகத்துக்குள் ஏறிவிடுவதால், வட்டை வெளியே எடுத்துவிட்டு உங்களிடம் இருக்கும் எந்த இசை வட்டையும் போடலாம். அந்தப் பாட்டுக்கு ஏற்றபடி பாதையில் மேடும் பள்ளமும் வளையமும் அலையும் முளைக்கும். கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது நண்பன் ஒருவன் இதை எங்கிருந்தோ கொண்டுவந்தான். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பதிவு செய்த வள்ளி கும்மி வட்டைப் போட்டோம். தொடக்கத்தில் முயல் ஒய்யாரமாக நடந்தது. கும்மியின் வேகம் தெரியும் அல்லவா, ஆசிரியர் பாட்டை முடுக்க முடுக்க மேடும் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. தடுக்கித் தடுக்கி முயல் தவளையானது, தவளை புழுவானது, ஆட்டம் முடிந்தது. அறையில் எட்டுப் பேர் சுற்றி நின்று கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முதலாக வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது எடுத்துக்கொண்ட பதினான்கில் இந்த முயலும் ஒன்று.

திகிலுக்கு 'ஸ்வீட் ஹோம்', 1989, கேப்காம், நம் மஞ்சள் கேசட் காலத்து ஃபேமிகாம் பெட்டிதான். பேய் மாளிகைக்குள் ஐந்து பேர். ஒருவரிடம் லைட்டர், ஒருவரிடம் சாவி, ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் மருந்துப் பெட்டி, ஒருவரிடம் தூசி உறிஞ்சும் கருவி. செத்தவர் செத்தவர்தான், திரும்ப வரமாட்டார். பின்னாளில் உலகமே ஆடிய 'ரெசிடென்ட் ஈவில்' இதிலிருந்து கிளைத்தது. ஜப்பானுக்கு வெளியே யாரும் இதை விற்கவில்லை.

திகிலுக்கு நேர் எதிராக, 2001இல் வந்த 'மிஸ்டர் மஸ்கிட்டோ' என்ற ஆட்டத்தில் நாம்தான் கொசு. ஒரு குடும்பத்தினர் வீட்டில் கோடை முழுக்க இரத்தம் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் வேகம் பிசகினால் அடி விழும். கொசுக்கடியில் தூக்கமில்லாத ஓர் இரவில் இதை ஆடிப் பார்த்தேன். மனம் மாறவில்லை, மறுநாள் கொசுவலை வாங்கினேன்.

சாகசத்துக்கு 'டிசாஸ்டர் ரிப்போர்ட்'. 2002இல் ஐரெம் நிறுவனம் தொடங்கிய வரிசை. நிலநடுக்கத்தில் நொறுங்கிக்கொண்டிருக்கும் நகரத்திலிருந்து வெளியேற வேண்டும். அரக்கன் கிடையாது. முதல் ஆட்டத்தில் உங்களை விரட்டுவது தாகம். குழாய் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி ஓட வேண்டும். மழைமறைவுப் பக்கத்து ஆளான உங்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வரிசையின் நான்காவது ஆட்டம் 2011 வசந்தத்தில் வெளியாக இருந்தது. மார்ச் 11 அன்று உண்மை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. சில நாளில் ஆட்டத்தைக் கைவிட்டார்கள். அந்த வரிசையை உருவாக்கிய கசுமா குஜோ விலகிப்போய், புதிய நிறுவனம் தொடங்கி, ஏழு ஆண்டுகள் கழித்து 2018இல் அதை வெளியிட்டார். பிளேஸ்டேஷன் 4க்கும் இருக்கிறது. அசைவுகள் முரடானவை, கேமரா அடிக்கடி சுவரில் முட்டும். ஆனாலும், நகரம் இடிந்த பிறகும் வேலையை நினைத்துத் தவிக்கும் ஊழியர்கள் போன்ற மனிதர்களை இதில் சந்திக்கலாம்.

உங்கள் மனைவிக்கு 'வெண்பா'. 2023இல் டொராண்டோவில் ஒரு தமிழர் நடத்தும் சிறு குழு செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, அதில் அழிந்த வரிகளை நாம் யூகித்து இட்லி அவிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4இல் ஓடாது, 5 வேண்டும். அதற்கு அனுமதி வாங்கவும் இந்த ஆட்டமே உதவலாம். என் மனைவி ஒரே மூச்சில் முடித்தார். அரிசியும்பருப்புச் சோறு ஆக்கக் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய ஒரே குறை.

முதலில் சகுனாவை வாங்குங்கள். முதல் ஆண்டு விளைச்சல் மோசமாகத்தான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. இரண்டாம் ஆண்டும் தேறவில்லை என்றால், எவ்வளவு இடைவெளியில் நட்டீர்கள், தண்ணீர் எவ்வளவு நிறுத்தினீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.