நள்ளிரவில் நிற்கும் மின்விசிறி: பழைய மோட்டார்ஹோமுக்கு எந்தப் பேட்டரி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. 1997இல் ஜப்பானில் தயாரான, ஹையேஸ் வேனில் கட்டப்பட்ட மோட்டார்ஹோம் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கினோம். பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கும், மாதம் ஒருமுறை தெலுக் பஹாங் பக்கமும் குடும்பத்தோடு சென்று தங்குவது வழக்கம். வண்டியின் வீட்டுப் பகுதிக்குப் போட்ட 105 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதற்குள் இரவு இரண்டு மணிக்கெல்லாம் மின்விசிறி நின்றுவிடுகிறது, குளிர்பெட்டியும் அணைந்துவிடுகிறது. அம்மாவின் இன்சுலின் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு கடையில் லோரி பேட்டரியே போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் ஜெல் பேட்டரி என்கிறார்கள். தம்பி லித்தியம்தான் வாங்க வேண்டும் என்கிறார். இருக்கைக்கு அடியில் ஒரே ஒரு பேட்டரிக்குத்தான் இடம் உண்டு. எதை வாங்குவது? குளிர்பெட்டி வண்டியோடு வந்த பழையது; கேஸ், 12 வோல்ட்டு, வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றிலும் ஓடக்கூடியது.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் குளிர்பெட்டியில்தான் பாதி விடை இருக்கிறது. மூன்று வகையிலும் ஓடும் இந்தப் பழைய குளிர்பெட்டிகளில் கம்ப்ரசர் கிடையாது. ஒரு சூடேற்றும் கம்பியோ கேஸ் சுடரோ கொடுக்கும் வெப்பத்தால்தான் அவை குளிர்கின்றன. 12 வோல்ட்டில் ஓடும்போது அந்தக் கம்பி ஏறத்தாழ 10 ஆம்பியரை விடாமல் இழுக்கும். வண்டி ஓடும்போது, எஞ்சினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதைத் தாங்கிக்கொள்ளும் என்பதால், எஞ்சின் அணைந்ததும் அந்த இணைப்பைத் துண்டிக்கும் ரிலே ஒன்றை வண்டி கட்டியவர்கள் வைத்திருப்பார்கள். முன்பு வண்டியை வைத்திருந்த யாரோ அந்த ரிலேயைத் தாண்டி நேராக வயர் இழுத்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். கணக்கும் அதையே சொல்கிறது: குளிர்பெட்டிக்கு 10, இரண்டு மின்விசிறிகளுக்கு 3 என மொத்தம் 13 ஆம்பியர் வைத்தால், இரவு ஒன்பது மணிக்கு எஞ்சினை நிறுத்திய பிறகு, இரண்டு மணிக்குள், அதாவது ஐந்து மணி நேரத்தில், 65 ஆம்பியர் மணி தீர்ந்திருக்கும் (ஓர் ஆம்பியரை ஒரு மணி நேரம் எடுத்தால் அது ஓர் ஆம்பியர் மணி). ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. தினமும் அப்படி எடுத்தால் அதன் ஆயுள் வெகுவாகச் சுருங்கிவிடும். உங்கள் பேட்டரி இரண்டு ஆண்டுகளுக்குள் நொடிந்து போனதில் வியப்பில்லை.

ஆகவே, முதலில் அந்த வயரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அடுத்து, அம்மாவின் மருந்துக்காக, 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கம்ப்ரசர் குளிர்பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அது ஓடும் நேரத்தில் 4 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். நம் வெக்கையில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும் சராசரியாக 2 ஆம்பியர்தான் ஆகிறது. பழைய பெட்டியைக் கேஸில் ஓட்டலாமே என்று தோன்றும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், புகை வெளியேறும் வழி அடைபடாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அதைச் செய்யலாம். ஆனால், சுற்றிலும் 32, 33 பாகை வெப்பம் இருக்கும் ஊரில் அந்த வகைப் பெட்டி திணறும். மருந்தை நம்பி வைப்பதற்கு அது ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து.

இப்போது பேட்டரிக்கு வருவோம். மாலை ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை, கம்ப்ரசர் குளிர்பெட்டிக்கு 24, ஒன்பது மணி நேரம் ஓடும் மின்விசிறிகளுக்கு 27, விளக்கு, தண்ணீர்ப் பம்பு, கைப்பேசி எல்லாவற்றுக்கும் சேர்த்து 11 என, ஓர் இரவுக்கு 62 ஆம்பியர் மணி உங்களுக்குத் தேவைப்படும். ஈயப் பேட்டரியில் பாதிதான் நம்முடையது என்றால் 124க்குக் குறையாமல் வேண்டும். பேட்டரி பழசாகும்போது கொள்ளளவு குறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் 100 ஆம்பியர் மணியில் இரண்டு வேண்டும். அவை இரண்டும் சேர்ந்து 50, 60 கிலோ எடை வரும். உங்கள் இருக்கைக்கு அடியில் அதற்கு இடமும் இல்லை.

லோரி பேட்டரியை விலை பார்த்து வாங்கிவிடாதீர்கள். என்70 போன்ற பேட்டரிகளின் வேலை, எஞ்சினைக் கிளப்பச் சில வினாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைக் கொடுப்பது; அதற்காகவே உள்ளே மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கியிருக்கிறார்கள். இரவு முழுவதும் மெல்ல மெல்ல வடியவிட்டால் அந்தத் தகடுகளில் பூசிய பொருள் உதிர்ந்து அடியில் படிந்துவிடும். மேலே ஒட்டிய தாளில் எழுதியிருக்கும் எண் பெரிதாக இருப்பதால் மட்டும் அது டீப் சைக்கிள் பேட்டரி, அதாவது மெல்ல மெல்ல வடியவிட்டு மீண்டும் ஏற்றுவதற்கென்றே செய்த பேட்டரி, ஆகிவிடாது.

அமிலத்தைக் கூழாக்கி அடைத்த ஈயப் பேட்டரியான ஜெல் பேட்டரி நல்ல பொருள்தான். ஆனால், சார்ஜரிடம் மிகவும் கறாரான பொருள். அதற்கு 14.1 அல்லது 14.2 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் உள்ளே குமிழிகள் உண்டாகி, ஜெல்லில் வெற்றிடங்கள் விழுந்து, அந்த இடங்கள் திரும்பச் சேராமலே போய்விடும். அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பில் உறிஞ்சவைத்த ஈயப் பேட்டரியான ஏஜிஎம் இதற்கு நேர்மாறு: 14.4 முதல் 14.7 வரை கிடைத்தால்தான் அது முழுவதும் நிறையும். உங்கள் வண்டியில் இருப்பது ஜப்பானில் பொருத்திய சார்ஜர் என்றால், அது பெரும்பாலும் 13.8 வோல்ட்டிலேயே நிற்கும் ஒரே நிலைச் சார்ஜராக இருக்கும். எந்த ஈயப் பேட்டரியும் அதில் முழுமையாக நிறைவதற்கு நெடுநேரம் ஆகும். நிறையாமலே கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பேட்டரிக்கு முன்பே சார்ஜரை மாற்றுங்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்டு, நம் நாட்டில் 230 வோல்ட்டு. அந்தப் பழைய சார்ஜரை மின்மாற்றி இல்லாமல் நம் வீட்டுப் பிளக்கில் செருகினால் அங்கேயே எரிந்துபோகும். நம் மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்ட, பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள பல நிலைச் சார்ஜர் ஒன்றை வாங்கிப் பழையதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நண்பர் ஒருவரின் வண்டியில் இருக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரியின் இரு பக்கமும் வயிறு போலப் புடைத்திருந்தது. முனைகளில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தது. அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. அவர் கடையில் நல்ல பேட்டரியைத்தான் வாங்கியிருந்தார். அதிகச் சார்ஜும், பூட்டிய வண்டியை நாள் முழுவதும் வெயிலில் நிறுத்தியதும்தான் அதைக் கொன்றன. ஈயப் பேட்டரியின் ஆயுளை 25 பாகை வெப்பத்தில் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. பினாங்கில் வெயிலில் பூட்டி நிற்கும் வண்டிக்குள் 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். இந்த ஒரு காரணத்தால், குளிர்நாட்டுக்காரர்கள் ஐந்து ஆண்டுகள் உழைத்தது என்று சொல்லும் பேட்டரி நம்மிடம் அத்தனை காலம் உழைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் தம்பி சொல்வதே உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 100 ஆம்பியர் மணி என்றால் 80 வரை தயங்காமல் எடுக்கலாம்; எடை 12 கிலோ அளவுதான்; ஒரே பேட்டரிக்கான இடத்தில் அடங்கிவிடும்; நன்றாகச் செய்யப்பட்டதாக இருந்தால் 2,000 முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். ஆனால் பழைய பேட்டரியைத் தூக்கிவிட்டு அதே வயரில் இதை மாட்டினால் வேறொரு தொல்லை வரும். உள்ளே மின்தடை மிகக் குறைவு என்பதால், காலியான லித்தியம் பேட்டரி ஆல்டர்னேட்டரிடமிருந்து கிடைத்த அளவுக்கு இழுத்துக்கொள்ளும். கேமரன் மலை ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போதும், பாலத்து நெரிசலில் நிற்கும்போதும், உங்கள் பழைய ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடக்கூடும். அதனால் இடையில் 20 அல்லது 30 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தும் டிசி டிசி சார்ஜர் ஒன்று கட்டாயம் வேண்டும். பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இதைத் தேர்ந்த வயர்மேன் ஒருவரைக் கொண்டே செய்யுங்கள்.

லித்தியத்துக்கும் வெயில் ஆகாது. பல பேட்டரிகள் 45, 50 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதை ஏற்பதில்லை. உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு மின்சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். இருக்கைப் பெட்டியின் பக்கவாட்டில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் போடுங்கள். சில மாதங்களுக்கு வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் விட்டு, எல்லா இணைப்பையும் அணைத்துவையுங்கள். ஈயப் பேட்டரிக்கு இதற்கு நேரெதிராக, முழுவதும் நிறைத்துத்தான் வைக்க வேண்டும்.

ஈயப் பேட்டரியைவிட விலை அதிகம் ஆகும். டிசி டிசி சார்ஜரும் அதோடு சேரும். வண்டியை இன்னும் ஓரிரு ஆண்டுகளில் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் இவ்வளவு செலவு வேண்டாம். வயரையும் சார்ஜரையும் சரிசெய்து, அதே இடத்தில் ஒரு நல்ல ஏஜிஎம் பேட்டரியைப் போட்டு, இரவில் ஒரு மின்விசிறியோடு சமாளிக்கலாம்.

கேள்வி: என் வண்டியில் இரண்டு ஏஜிஎம் பேட்டரிகள் பக்க இணைப்பில் (நேர் முனையோடு நேர் முனையும், எதிர் முனையோடு எதிர் முனையும் சேர்த்து) உள்ளன. ஒன்று மட்டும் கெட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. கெட்டதை மட்டும் மாற்றலாமா? வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். தளர்ந்த பேட்டரி புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும். இரண்டையும் ஒரே வகையில், ஒரே கொள்ளளவில், ஒரே சமயத்தில் வாங்கி, நேர் முனை வயரை ஒரு பேட்டரியிலிருந்தும் எதிர் முனை வயரை மற்றொன்றிலிருந்தும் எடுங்கள். இல்லாவிட்டால் அருகிலுள்ள பேட்டரியே அதிகம் உழைத்து முதலில் தேயும்.

சோதனை எளிதுதான். இரண்டையும் பிரித்து முழுவதும் சார்ஜ் செய்து, ஓர் இரவு எதிலும் இணைக்காமல் வையுங்கள். காலையில் மல்டிமீட்டரில் 12.7 வோல்ட்டு அளவுக்குக் காட்ட வேண்டும். பிறகு 60 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். அது 5 ஆம்பியர் எடுக்கும். நல்ல 100 ஆம்பியர் மணி பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு இறங்க ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆக வேண்டும். மூன்று மணி நேரத்தில் இறங்கினால் அந்தப் பேட்டரி முடிந்துவிட்டது. பல்பு கடுமையாகச் சுடும். துணி, பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: கழற்றிய பழைய பேட்டரியை என்ன செய்வது?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: குப்பையில் போடக் கூடாது. பயன்படுத்தி முடித்த ஈயப் பேட்டரி, மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிமுறைகளின்படி, எஸ்டபிள்யூ 102 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால், ஈயத்துக்காக எடை போட்டு விலையில் கழித்துக்கொள்வார்கள். கொண்டுபோகும்போது நிமிர்த்தி வைத்து, முனைகளின் மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியை இவற்றோடு கலந்து கொடுக்காதீர்கள்; ஈயத்தோடு நசுக்கப்பட்டால் அது தீப்பிடிக்கக்கூடும். அதை விற்ற கடையிடமே திருப்பி ஒப்படையுங்கள்.