லிலியானாவின் கோப்பு – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஃபெர்னாண்டா மெல்ச்சோரின் ‘ஹரிகேன் சீஸன்’ நாவலைப் படித்த கையோடு, கிறிஸ்தினா ரிவேரா கார்ஸா தன் தங்கையைப் பற்றி எழுதிய புத்தகத்தையும் படித்தேன். இரண்டிலும் ஒரு கொலை. எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு நண்பர், “மெக்ஸிகோ என்றால் வெளிநாட்டு விருதுக்காரர்களுக்கு ரத்தம் வேண்டும், இவர்கள் கொடுக்கிறார்கள்” என்கிறார். ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. ருல்ஃபோ, ஃபுவெந்தெஸ், பாஸ் என்று ஆண்களின் பெயர்களையே கேட்டிருந்த நாட்டிலிருந்து திடீரென்று இத்தனை பெண்கள் எப்படி வந்தார்கள்?

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. எந்தப் புத்தகம் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும் என்பதில் சந்தைக்குப் பங்கு உண்டு. ஆனால் சந்தைக்காகத்தான் எழுதினார்கள் என்பது வேறு குற்றச்சாட்டு. நீங்கள் படித்த ‘லிலியானாஸ் இன்வின்சிபிள் சம்மர்’ புத்தகத்துக்காக ரிவேரா கார்ஸாவுக்கு 2024-ல் அமெரிக்காவின் புலிட்சர் விருது கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, குவாதலஹாரா புத்தகக் கண்காட்சியில் ஸ்பானிய மொழியில் எழுதும் பெண் நாவலாசிரியர்களுக்கு வழங்கப்படும் சோர் ஹுவானா விருதை 2001-லும் 2009-லும் இரண்டு முறை வாங்கிவிட்டார். நமக்குச் சேதி தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். தங்கை லிலியானா 1990 ஜூலையில் மெக்ஸிகோ நகரத்தில் கொல்லப்பட்டபோது வயது இருபது. கட்டடக்கலை மாணவி. சந்தேகத்துக்குரிய முன்னாள் காதலன் தலைமறைவானான், பிடிபடவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அக்கா அந்த வழக்கின் கோப்பைத் தேடி அரசு அலுவலகங்களில் ஏறி இறங்குகிறார். இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு அனுப்புகிறார்கள். கோப்பு கைக்கு வரவில்லை. அதன் பிறகுதான், வீட்டில் அத்தனை காலம் யாரும் திறக்கத் துணியாத தங்கையின் பெட்டிகளைத் திறக்கிறார். கடிதங்கள், நோட்டுப் புத்தகங்கள், துண்டுச் சீட்டுகள். லிலியானாவின் நண்பர்களைத் தேடிப்பிடித்துப் பேசவைக்கிறார். அரசாங்கம் தொலைத்த கோப்பை அக்கா தன் கையால் மறுபடி தயாரிக்கிறார். நாம் படிப்பது அதைத்தான். கவனித்திருப்பீர்கள், அதில் கொலைக்கு ஒதுக்கிய பக்கங்கள் மிகக் குறைவு. நீச்சல், கல்லூரிக் கேலி, தோழிகளுக்கு எழுதிய குறும்பு, இவைதான் நிறைய. ரத்தத்தை விற்க நினைப்பவர் இப்படி எழுதமாட்டார். பெண்ணென்பதாலேயே ஒருத்தியைக் கொல்வது தனிக் குற்றமாக மெக்ஸிகோவின் கூட்டாட்சித் தண்டனைச் சட்டத்தில் ஏறியது 2012-ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த வேலைக்கு அங்கே மூத்த கை ஒன்று உண்டு. 1968 அக்டோபர் 2 அன்று மெக்ஸிகோ நகரத்தின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்கள்மீது ராணுவம் சுட்டது. அரசு மூடி மறைத்தது. எழுத்தாளரும் பத்திரிகையாளருமான எலேனா பொனியாதோவ்ஸ்கா, மாணவர்கள், தாய்மார்கள், கைதிகள் சொன்னதையெல்லாம் துணுக்குத் துணுக்காகச் சேகரித்து 1971-ல் புத்தகமாக்கினார். தன் கருத்தென்று அதிகம் சொல்லாமல் குரல்களை மட்டும் அடுத்தடுத்து வைத்தார். ரிவேரா கார்ஸா அந்த வழியில் வந்தவர்.

மெல்ச்சோர் வேறு வார்ப்பு. வெராக்ரூஸில் பத்திரிகையாளராக இருந்தவர். செய்தித்தாளில் வந்த ஒரு கொலையைப் பின்தொடர்ந்து உண்மைக் கதையாக எழுத நினைத்தார். போதைக் கும்பல்கள் நடமாடும் கிராமத்துக்குள் வெளியாள் போய்க் கேள்வி கேட்பது உயிருக்கு ஆபத்து என்பதால் நாவலாக்கினார். பத்தி பிரிக்காமல் ஓடும் அந்த அத்தியாயங்களில் ஊரே புறம் பேசுகிறது. செத்துப்போன சூனியக்காரியின் தரப்பு மட்டும் நம் காதுக்கு எட்டுவதில்லை. அதுதான் நாவலின் சாமர்த்தியம். அடுத்து வந்த ‘பாரதைஸ்’ எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வசை அதே வேகத்தில் வருகிறது, கனம் இல்லை.

“திடீரென்று” என்கிறீர்களே, அதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. மெக்ஸிகோ எழுத்தாளர் எலேனா கார்ரோவின் முதல் நாவல் (ஆங்கிலத்தில் ‘ரெகலெக்ஷன்ஸ் ஆஃப் திங்ஸ் டு கம்’) 1963-ல் வந்தது. ஒரு ஊரே தன் கதையைத் தானே சொல்லும் நாவல். ஓரிடத்தில் காலம் நின்றுவிடும். மார்க்கேஸின் நூறாண்டுத் தனிமைக்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் பாஸின் முன்னாள் மனைவி என்பதுதான் முதலில் வரும். அவருடைய நூற்றாண்டான 2016-ல் ஸ்பெயினில் ஒரு பதிப்பகம் அவருடைய வேறொரு நாவலை மறுபதிப்பு செய்து, அட்டையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை மாட்டியது: பாஸின் மனைவி, பியோய் கஸாரெஸின் காதலி, மார்க்கேஸுக்கு உந்துதல், போர்ஹெஸ் வியந்தவர். நான்கு ஆண்களின் பெயர்கள்! வாசகர்கள் கொதித்தெழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

அம்பாரோ தாவிலாவின் கதையும் ஏறத்தாழ இப்படித்தான். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அபாரமான அமானுஷ்யச் சிறுகதைகளை எழுதியவர், மெல்ல மறக்கப்பட்டார். 2002-ல் ரிவேரா கார்ஸா தன் நாவல் ஒன்றில் அம்பாரோ தாவிலா என்ற பெயரிலேயே ஒரு பாத்திரத்தைக் கதவைத் தட்டி உள்ளே வரச் செய்தார். தாவிலா அப்போது உயிரோடுதான் இருந்தார், இறந்தது 2020-ல். மெக்ஸிகோவின் தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழகம் 2019-ல் ‘விந்திக்தாஸ்’ என்று ஒரு வரிசையே தொடங்கி, கைவிடப்பட்ட பெண்களின் நாவல்களை மறுபதிப்பு செய்யத் தொடங்கியது. ஆக, இன்றைய பெண்கள் தங்களுக்கு முன்னால் இருந்தவர்களையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அறுபதுகளில் மார்க்கேஸ், ஃபுவெந்தெஸ் போன்றவர்களால் எழுந்த லத்தீன் அமெரிக்க நாவல் அலைக்கு ‘பூம்’ என்று பெயர்; இதைப் பத்திரிகைகள் ‘புதிய பூம்’ என்று எழுதுவது கடைக்காரர் பேச்சு.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு வந்து சேர்வது ஸ்பானிய மொழியில் எழுதுபவர்கள் மட்டும். மெக்ஸிகோவின் பூர்வகுடி மொழிகளில், சபோதெக்கில் எழுதும் இர்மா பினேதா, நதாலியா தொலேதோ, சோக்கே மொழியில் எழுதும் மிகேயாஸ் சாஞ்செஸ் போன்ற கவிஞர்கள் இந்தப் பரபரப்புக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

உங்கள் நண்பருக்குக் குவாதலூப்பே நெத்தலின் ‘ஸ்டில் பார்ன்’ நாவலைக் கொடுங்கள். தாயாகவே கூடாதென்று கருத்தடை செய்துகொண்ட ஒருத்தி, பிறந்ததும் இறந்துவிடும் என்று மருத்துவர்கள் சொன்ன குழந்தையைச் சுமக்கும் அவள் தோழி, பக்கத்து வீட்டில் கத்திக்கொண்டே இருக்கும் ஒரு பையன். யாரும் யாரையும் கொல்லவில்லை. 2023-ல் சர்வதேச புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது. குழுவில் எல்லோரும் சேர்ந்து படிக்க வேண்டுமென்றால் கார்ரோவின் அந்த முதல் நாவலைச் சொல்வேன். ஆங்கில மொழிபெயர்ப்பு 1969-லேயே வந்துவிட்டது. பழைய புத்தகம் விற்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

அன்புடன்.