நானோதுகளின் மேற்பரப்பும் நோய் எதிர்ப்புச் செல்களும்: வாசகர் கேள்விகள்

நேர்மின்னூட்டம் உள்ள துகள்கள் செல்லுக்குக் கெடுதல் என்கிறார்களே?

பெரும்பாலும் சரிதான். செல்லின் வெளிப்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. நேர்மின் துகள் அதில் சட்டென்று ஒட்டும். செறிவு கூடினால் செல்லின் சவ்வையும் சிதைக்கும். எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் லிப்பிட் (கொழுப்பு) துகள்கள் இதைத் தவிர்க்கின்றன. இரத்தத்தின் 7.4 பிஎச்சில் அவை ஏறக்குறைய மின்னூட்டமற்றவை; செல்லுக்குள் எண்டோசோம் எனும் சிறு பையின் அமிலச் சூழலில்தான் நேர்மின்னூட்டம் பெறும்.

அப்படியானால் எதிர்மின்னூட்டம் பாதுகாப்பானதா?

இல்லை. இரத்தத்தில் இறங்கியதுமே துகளைப் புரதங்கள் மூடிக்கொள்ளும். செல் பெரும்பாலும் சந்திப்பது அந்தப் புரத உறையைத்தான். அதில் ஆன்டிபாடியோ, காம்ப்ளிமென்ட் எனும் எதிர்ப்புப் புரதக் குழுவின் சி3 புரதமோ இருந்தால் மேக்ரோஃபேஜ் எனும் எதிர்ப்புச் செல் துகளை விழுங்கிவிடும். எந்தப் புரதம் ஒட்டுகிறது என்பதோடு, ஒட்டியபின் அது எப்படி உருமாறுகிறது என்பதும் முக்கியம். 2011இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பாலிஅக்ரிலிக் அமிலம் பூசிய 5 நானோமீட்டர் தங்கத்துகளில் ஒட்டிய ஃபைப்ரினோஜன் எனும் இரத்த உறைவுப் புரதம் மடிப்பவிழ்ந்து, எதிர்ப்புச் செல்களின் மேலுள்ள மேக்-1 ஏற்பியைத் தூண்டி, சைட்டோகைன் எனும் அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கவைத்தது. அதே பூச்சுள்ள 20 நானோமீட்டர் துகளிலும் ஃபைப்ரினோஜன் ஒட்டியது. ஆனால் மேக்-1 தூண்டப்படவில்லை.

தூய நீரில் துகளின் ஜீட்டா பொட்டன்ஷியல் (மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் அளவு) அளந்தால் போதுமா?

போதாது. பிளாஸ்மாவில் ஊறவைத்துக் கழுவி மீண்டும் அளந்து பாருங்கள்; எண் வேறாக இருக்கும்.

பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூசிய துகள், இரண்டாவது ஊசியில் இரத்தத்திலிருந்து சீக்கிரம் மறைந்துவிடுகிறது. ஏன்?

பெக் இழைகள் நீரை இழுத்து வைத்துப் புரதங்களை விலக்குகின்றன, முழுதாகத் தடுப்பதில்லை. முதல் ஊசியிலேயே மண்ணீரலின் பி செல்கள் பெக்குக்கு எதிரான ஐஜிஎம் வகை ஆன்டிபாடியைச் சுரக்கத் தொடங்கும். அடுத்த ஊசியில் அது துகளில் ஒட்டி காம்ப்ளிமென்ட்டைக் கிளப்ப, கல்லீரலின் மேக்ரோஃபேஜ்களான குப்ஃபர் செல்கள் அள்ளிக்கொள்ளும். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில் எனும் புற்றுநோய் மருந்திலும் பெக் உண்டு. ஆனால் உள்ளிருக்கும் டாக்ஸோருபிசின் அந்த பி செல்களையே ஒடுக்குவதால் இச்சிக்கல் குறைவு. வெற்றுத் துகளில் கண்டதை மருந்தேற்றிய துகளுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

வெறும் துகளே மேக்ரோஃபேஜைத் தூண்டுகிறது. பூச்சை மாற்றலாமா?

முதலில் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள நச்சு) இருக்கிறதா என்று பாருங்கள். நீரிலோ வேதிப்பொருளிலோ வந்த அந்த நச்சு துகளில் ஒட்டிக்கொண்டிருந்தால், பூச்சு எதுவானாலும் செல் தூண்டப்படும். எண்டோடாக்சினைக் கண்டறியும் வழக்கமான எல்ஏஎல் சோதனையில் துகளே குறுக்கிடக்கூடும். ஆகவே, தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, அது சரியாகப் பதிவாகிறதா என்றும் சோதியுங்கள்.