பட்டியலில் இல்லாத அக்கா

வணக்கம். ஒரே குடும்பப் பெயர் கொண்ட பிரபலங்களைப் பட்டியல் போட்டு வருகிறேன். பெர்னூலி (கணிதம்), தாம்சன் (இயற்பியல்), ஹெர்ஷல் (வானியல்), மெண்டல்சன் (தாத்தா மோசஸ் தத்துவவாதி, பேரன் ஃபெலிக்ஸ் இசைமேதை) என்று நீள்கிறது. மேதைமை ரத்தத்தில் வருவதுதானா?
கு.

அன்புள்ள கு.,

ரத்தத்தைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வமில்லை. ஜே. ஜே. தாம்சனும் அவர் மகனும் நோபல் பரிசு பெற்றவர்கள். கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சனுக்கும் அந்த இருவருக்கும் எந்த உறவும் இல்லை. மூவரையும் ஒரே குடும்பமாக்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

மெண்டல்சன் வரிசைக்கு வந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஃபெலிக்ஸின் அக்கா ஃபேனி எங்கே? சில நாட்களாக அவருடைய 'ஈஸ்டர் சொனாட்டா' என்ற பியானோ இசைப்படைப்பைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம்!

1820-ல் அப்பா ஃபேனிக்கு எழுதினார்: தம்பிக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது அலங்காரம் மட்டுமே. அப்போது அந்தப் பெண்ணுக்கு 14 வயது. பிறகு அவருடைய பாடல்கள் ஆறு தம்பியின் பெயரில் அச்சேறின. 1842-ல் விக்டோரியா மகாராணி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஃபெலிக்ஸ் முன்னாலேயே பாடினார். அது அக்காவுடையது என்று ஃபெலிக்ஸ் அங்கேயே ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அக்கா சொந்தமாக வெளியிடுவதை அவர் விரும்பியதில்லை. ஃபேனி துணிந்து தன் பெயரில் வெளியிடத் தொடங்கியது 1846-ல். மறு வருஷம் மே மாதம், ஒத்திகையின் நடுவே சரிந்து விழுந்து 41 வயதில் இறந்துபோனார்.

நான் கேட்கும் சொனாட்டாவை அவர் எழுதியது 1828-ல். கையெழுத்துப் பிரதியில் இருந்தது 'எஃப். மெண்டல்சன்' என்று மட்டும். அந்த ஒற்றை எழுத்து போதுமானதாக இருந்தது, தம்பிக்கு எழுதிவைக்க! 1970-ல் பிரதி கிடைத்தபோதும் அப்படித்தான் ஆனது. 2010-ல் ஆஞ்செலா மேஸ் என்ற ஆய்வாளர் அந்தக் கையெழுத்தைப் பார்த்து அது ஃபேனியுடையது என்று நிறுவினார். அதை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள், கு. அப்புறம் இது ரத்தமா, வாய்ப்பா என்று யோசிக்கலாம்.

உங்களிடம் உழைப்பு இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஹெர்ஷல் என்று எழுதும்போது வில்லியமோடும் மகன் ஜானோடும் நின்றுவிடாதீர்கள். வில்லியமின் தங்கை கரோலின் 1786-ல் வால்மீன் கண்டுபிடித்தவர். மறு வருஷமே வானியல் வேலைக்காக அரசரிடம் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் வாங்கியவர்.