பழைய பிக்கப் சூடேறுகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

பொலிரோ பிக்கப், டாடா 207, ஏஸ் என்று லோடு அடிக்கும் பழைய டீசல் வண்டிகள்தான் என் வேலை. கேட்பவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். "வண்டி ஹீட் ஆகுது" என்றால் போதாது. நிற்கும்போது ஏறுகிறதா, ஓடும்போதா, மேட்டிலா, ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயா? தண்ணீர் குறைகிறதா, குறைந்தால் எங்கே போகிறது? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும், தெரியாமல் ரேடியேட்டர், பம்ப், ஹெட் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் போகும்.

ஒட்டன்சத்திரம், காய்கறி லோடு: அண்ணே, 2009 பொலிரோ பிக்கப். பைபாஸில் போனால் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டாது. மார்க்கெட் வாசலில் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நின்றால் பத்து நிமிடத்தில் சிவப்புக்குப் போய்விடுகிறது. ரேடியேட்டர் போச்சு, புதுசு போடு என்கிறார்கள். போடட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ஓடும்போது சரியாக இருக்கிறது என்றால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓட்டம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். நின்றால் ஏறுகிறது என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம், ஏனென்றால் ஓடும்போது எதிர்க்காற்று செய்கிற வேலையை நிற்கும்போது ஃபேன்தான் செய்தாக வேண்டும். முதலில் பெல்ட்டைப் பாருங்கள், தளர்ந்திருக்கிறதா, உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா. அப்புறம் ஃபேன் நடுவில் வட்டமாக விஸ்கஸ் கப்ளிங் (சூடானால் ஃபேனை இறுகப் பிடித்துச் சுற்றவைக்கும் பாகம்) இருந்தால், வண்டி நன்றாகச் சூடானதும் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். இறுக்கமாக உடனே நின்றால் நல்லது. தன்பாட்டுக்கு நாலைந்து சுற்று ஓடினால் உள்ளே இருக்கும் சிலிக்கான் ஆயில் போய்விட்டது. கப்ளிங் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் அதுவும் அதற்கு அடையாளம்.

ஃபேனைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு வரும், யாராவது வேலை பார்க்கும்போது கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மாட்டாமலே அனுப்பியிருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கத்தில் இருக்கிற சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். கடைசியாக ரேடியேட்டர் முகம். வைக்கோல், பூச்சி, மண் எல்லாம் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், சர்வீஸ் கன்னை நேராகக் கிட்டத்தில் வைத்து அடித்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் மடங்கிவிடும்.

சேலம் பக்கம், கொல்லிமலைக்கு வாடகை ஓட்டுபவர்: எனக்கு நேர் எதிர். கீழே எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்றுமில்லை. லோடோடு மலை ஏறினால் பாதி வளைவு தாண்டுவதற்குள் கொதிக்கிறது. தண்ணீர் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு சூடாக ஆகக் குழாய்களின் உள்சுவரில் படியும், படிந்த இடத்தில் வெப்பம் வெளியே கடக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயே அடைபடும். சமவெளியில் எஞ்சின் பாதி பலத்தில் ஓடுவதால் மிச்சமிருக்கிற குழாய்கள் சமாளிக்கும். 70 கொண்டை ஊசி வளைவும் முழு பலத்தில் ஏறும்போது முடியாது.

உறுதி செய்ய லேசர் தெர்மாமீட்டர் துப்பாக்கி ஒன்று வாங்குங்கள், இப்போது குறைந்த விலைக்கே கிடைக்கிறது. வண்டி சூடானதும் ரேடியேட்டர் முகத்தில் இடம் இடமாகக் காட்டிப் பாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும், நடுவில் ஏதாவது ஒரு திட்டு மட்டும் திடீரென்று குளிர்ச்சியாக இருந்தால் அந்தக் குழாய்கள் அடைப்பு. செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் பட்டறையில் மேல்தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்பப் பற்றவைத்துத் தருவார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் என்றால் புதுசு போடுவதே மேல்.

இன்னும் இரண்டு. ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள். மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட கடல் மட்டத்தில் 118 டிகிரி வரை கொதிக்காது, ரப்பர் போன மூடி என்றால் 100-லேயே கொதிக்கும், மலை மேலே போகப்போக அதற்கும் முன்னாலேயே. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்னொன்று கியர். மூன்றாவதில் திணறவிட்டு ஏற்றாதீர்கள், இரண்டாவதில் எஞ்சினைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிடுங்கள். பம்பும் ஃபேனும் எஞ்சின் சுற்றும் வேகத்தில்தான் சுற்றும்.

தேனி: எங்கள் ஊரில் எல்லா வண்டியிலும் தெர்மோஸ்டாட் வால்வை எடுத்துவிடுகிறார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்கிறார்களே, சரியா?

சரியில்லை. எனக்கு ரொம்ப ஆதங்கம் உள்ள விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த வால்வுக்குள் மெழுகு இருக்கிறது. பல டீசல் வண்டிகளில் 82 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும், அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே பைபாஸ் என்ற குறுக்கு வழியாகச் சுற்றும். நிறைய எஞ்சின்களில் வால்வு மேலே திறக்கும்போதே அதன் அடியில் இருக்கும் தட்டு பைபாஸ் வழியை மூடிவிடும், அப்போதுதான் தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும், முழு லோடில் முன்பைவிட அதிகமாகவே சூடேறும். லோடு இல்லாதபோது எதிர்ப்பக்கம், எஞ்சின் சூடாகவே ஆகாது, டீசல் சரியாக எரியாது, மைலேஜ் விழும், சிலிண்டரின் உள்சுவரான லைனர் தேயும்.

வால்வு நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், தெர்மாமீட்டரும் போடுங்கள். வால்வின் மேல் அச்சடித்திருக்கும் டிகிரியில் திறக்க ஆரம்பித்து, கொதிப்பதற்குள் முழுதாகத் திறக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு அதே டிகிரியில் புதுசு மாட்டுங்கள்.

நிலக்கோட்டை, பூ வியாபாரம்: அண்ணா, வண்டியை வீட்டுக்காரர் ஓட்டுகிறார், செலவுக் கணக்கு நான் பார்க்கிறேன். தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை. ஒருத்தர் ஹெட் கேஸ்கெட் என்கிறார், ஒருத்தர் பம்ப் என்கிறார். பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாதா?

முடியும்மா. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் வாயுவும் தண்ணீரும் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். பிரிக்கச் சம்மதிப்பதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள். காலையில் எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, மூடாமல் ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் இன்னும் சூடே ஆகாத நேரத்தில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஆரம்பத்தில் வரும் நாலைந்து குமிழி காற்றுதான், அதற்குப் பயப்பட வேண்டாம். இன்னொரு முறை மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து இரண்டே நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்ப்பது, ஹோஸ் குளிர்ச்சியாக இருந்தும் கல் மாதிரி இறுகியிருந்தால் அதுவும் அதே சேதிதான். ஆயில் குச்சியில் பால் கலந்த நிறம், காலையில் இனிப்பு வாடையோடு நிற்காமல் வரும் வெள்ளைப் புகை, இவை இருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் இவை இல்லாமலும் கேஸ்கெட் போயிருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

பம்ப் என்றால் அதன் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். சூட்டில் கசிவது அங்கேயே காய்ந்துவிடுவதால் தரையில் சொட்டாது, வெள்ளையாகவோ துருவாகவோ கோடு மட்டும் தெரியும். புது மாடல் காமன் ரெயில் வண்டி என்றால் இஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திரும்பும் புகையைத் தண்ணீரால் குளிர்விக்கும் பாகம்) உள்ளே ஓட்டையாகித் தண்ணீர் சைலன்சர் வழியாகவும் போகலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ்கெட்தான் என்று உறுதியானால் வெறும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடுபவரிடம் கொடுக்காதீர்கள். சூடேறிய ஹெட் வளைந்திருக்கலாம். நேர் விளிம்புப் பட்டியும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து அளந்து, தேவைப்பட்டால் லேத் பட்டறையில் அதன் முகத்தைச் சமமாகச் சீவி ஃபேஸிங் செய்து, விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் போட வேண்டும். டீசலுக்குக் கேஸ்கெட்டே வெவ்வேறு தடிமனில் வரும், பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்துதான் எது என்று முடிவு செய்வார்கள். பழைய கேஸ்கெட்டின் ஓரத்தில் எத்தனை வெட்டு அல்லது துளை இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். போல்ட்டை, முடுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில் முடுக்க வேண்டும். பில்லில் ஃபேஸிங், டெஸ்ட் இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சத்தியமங்கலம்: ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடலாமா?

திம்பம் ரோட்டில் நடுக்காட்டில் நிற்கிறீர்கள் என்றால் போட்டு ஊர் வந்து சேருங்கள், ஊசித்துளைக் கசிவைக் கொஞ்ச நேரம் அடைக்கும். மறுநாளே எல்லாத் தண்ணீரையும் இறக்கிக் கழுவிவிட வேண்டும். ஒழுகாத நல்ல குழாயையும் அதே தூள்தான் அடைக்கும்.

மதுரை, ஏஸ்: ஹோஸ் மாற்றித் தண்ணீர் நிரப்பியதிலிருந்து முள் ஏறுகிறது, திடீரென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. முன்னால் இப்படி இல்லை.

ஏர் லாக், அதாவது தண்ணீர்ப் பாதையில் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. சென்சாரைத் தண்ணீர் தொடும்போது ஒரு அளவு, காற்று தொடும்போது இன்னொரு அளவு, அதனால்தான் முள் ஆடுகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது தண்ணீர் ஊற்றும் வாய் உயரமாக இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, மூடியைத் திறந்து மெதுவாக ஊற்றுங்கள், ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். காற்று விடும் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்வரை காத்திருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், மறுபடி நிரப்புங்கள். இதையெல்லாம் செய்தும் அடுத்த நாள் மறுபடி காற்று சேர்ந்தால், நிலக்கோட்டை அம்மாவுக்குச் சொன்ன குமிழிச் சோதனையை நீங்களும் செய்யுங்கள்.

தூத்துக்குடி, உப்பு லோடு: ரோட்டில் முள் சிவப்புக்குப் போய்விட்டால் உடனே ஆஃப் செய்வதா, ஓடவிடுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டும் சரிதான், எப்போது எது என்பதுதான் கேள்வி. ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஆவி வரவில்லை, தண்ணீர் கொட்டவில்லை, பெல்ட் சுற்றுகிறது என்றால் ஆஃப் செய்யாமல் ஐடிலைவிடச் சற்றுக் கூடுதலாக ஓடவிடுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் போடுங்கள், ஓரிரு நிமிடத்தில் முள் இறங்க ஆரம்பிக்கும். இறங்கவில்லை, அல்லது ஆவி பறக்கிறது, தண்ணீர் போய்விட்டது, பெல்ட் அறுந்துவிட்டது என்றால் அந்த நொடியே ஆஃப். அதற்கப்புறம் மூடியைத் தொடாதீர்கள், முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். துணி போட்டுத் திறக்கலாம் என்று நினைத்து முகமும் கையும் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம், ஆறின பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தாலும் நிறுத்துங்கள். தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் சென்சார் காற்றில் நிற்கும், முள் குளிர்ச்சி என்று காட்டும், எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

ஒட்டன்சத்திரம், மறுபடியும்: அண்ணே, கப்ளிங்தான். கையால் தள்ளினால் நிற்காமல் சுற்றுகிறது. போல்ட் போட்டு நிரந்தரமாக லாக் செய்துவிடலாம் என்கிறார்கள், செலவு மிச்சமாம்.

அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்டலாம். எப்போதுமே அப்படி விட்டால் ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றி டீசலைத் தின்னும், பம்ப் பேரிங்குக்கும் சுமை. புது கப்ளிங் வாங்கும்போதே பெல்ட்டையும் மூடியையும் மாற்றிவிடுங்கள், தண்ணீரை இறக்கிவிட்டுக் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். கூலன்ட் குளிர் தேசத்துக்குத்தான் என்று யாராவது சொல்வார்கள். நமக்கு அது துருவையும் சுண்ணாம்பையும் தடுக்க, கொதிநிலையை உயர்த்த. ஏற்கெனவே வேறு கூலன்ட் இருந்தால் கலக்காமல் முழுக்க இறக்கிக் கழுவிவிட்டு ஊற்றுங்கள்.