ஓ வகை அம்மா, பி வகைக் குழந்தை: காமாலை ஏன்?

"எனக்கு ஓ வகை இரத்தம், மகளுக்கு பி வகை. பிறந்த மறுநாளே மஞ்சள் காமாலை. நான் சாப்பிட்டது காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. நிச்சயமாக இல்லை. மாம்பழத்தையும் பூசணியையும் குறை சொல்பவர்களின் பேச்சை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஓ வகையினரின் இரத்தத்தில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் இயல்பாகவே இருக்கும். அவற்றில் சில நஞ்சுக்கொடி வழியே குழந்தையிடம் சென்று சிவப்பணுக்களை உடைக்கின்றன. உடைந்தவற்றிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி பெருகுகிறது. முதிராத கல்லீரலால் அதை வேகமாக வெளியேற்ற முடிவதில்லை. ஆர்எச் பொருத்தமின்மை (தாய் ஆர்எச் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ்) பெரும்பாலும் முதல் பிள்ளையை விட்டுவிடும். ஆனால் உங்களுக்கு நேர்ந்த இந்த ஓ-பி பொருத்தமின்மை தலைப்பிள்ளைக்கும் வரும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு நீல ஒளிச் சிகிச்சையே போதும். காலை வெயில் அதற்கு ஈடாகாது. தாய்ப்பாலை நிறுத்தாமல் அடிக்கடி கொடுங்கள். சிங்கப்பூரில் பிறந்தவுடன் செய்யும் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) பரிசோதனையின் முடிவையும் கேளுங்கள். அந்த நொதியின் குறைபாடும் சேர்ந்தால் காமாலை கடுமையாகலாம்.

வீடு திரும்பிய பின் பலதுறை மருந்தகப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. கண்ணின் வெண்மையைப் பாருங்கள். குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, கீச்சுக்குரலில் அழுதாலோ, உடலை வில்லாக வளைத்தாலோ நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அளவு மீறிய பிலிருபின் மூளையைப் பாதிக்கும்.